பூமிக்கடியில் குழாய், அலமாரியில் காகிதம்

அமெரிக்காவின் இயற்கை எரிவாயுக் குழாய்ப்பாதைகளுக்கான பதிவேட்டு விதிகளைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் குழாய் ஓடும் தெருவில் குடியிருப்பவர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். கூட்டாட்சி விதித்தொகுப்பின் 49-ஆம் தலைப்பு, 192-ஆம் பகுதிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கீழே வெறும் பிரிவு எண் வந்தால் அது அந்தப் பகுதியைச் சேர்ந்தது.

குழாய் ஒழுகவில்லை, வெடிக்கவில்லை. கோப்பில் ஒரு தாள் இல்லை என்பதற்காக லட்சக்கணக்கில் அபராதமா? இது அதிகாரிகளின் கெடுபிடி இல்லையா?

கெடுபிடி போலத் தெரிவது இயல்பு. ஆனால் 2010 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் நடந்ததைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அங்கே பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 132-ஆம் எண் குழாய் ஒரு குடியிருப்பின் அடியில் ஓடியது. 30 அங்குல விட்டம், 1956-இல் பதித்தது. அன்று மாலை அது வெடித்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. எரிவாயுவை நிறுத்தவே 95 நிமிடம் ஆனது. நிறுவனத்தின் கணினியில் அந்த இடத்துக்கு எதிரே இருந்த குறிப்பு: ‘தையலற்ற குழாய்’, அதாவது நீளவாக்கில் வெல்டிங் இணைப்பே இல்லாத குழாய். பள்ளத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது அது சுமார் 4 அடி நீளத் துண்டுகள் ஆறை ஒட்டவைத்த ஒன்று. துண்டுகளில் நீளவாக்கில் வெல்டிங் தையல் இருந்தது. சிலவற்றில் உட்பக்க வெல்டிங்கே போடப்படவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், 30 அங்குல விட்டத்தில் தையலற்ற குழாய் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தயாராகவே இல்லை. கணக்குப் பிரிவின் வவுச்சரில் இருந்த பொருள் குறியீட்டை ஒருவர் ஆய்வுத்தாளில் எழுத, அங்கிருந்து அது கணினி வரைபடத்துக்குப் போனது. பல பத்தாண்டுகளாக யாரும் அந்த வார்த்தையைக் கேள்வி கேட்கவில்லை.

தையல் இருப்பதே பதிவில் இல்லாவிட்டால் தையலைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எந்த ஆபத்துக்கு எந்தச் சோதனை என்பதைப் பொறியாளர் பதிவேட்டைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். அழுத்த வரம்பும் அதிலிருந்தே வருகிறது. அந்த ஒரு தவறான சொல் கீழே இருந்த எல்லா முடிவுகளையும் கெடுத்தது.

பின்விளைவு: 2015 ஏப்ரலில் கலிபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையம் விதித்த மொத்தச் சுமை 160 கோடி டாலர். அதில் 30 கோடி நேரடி அபராதம், 40 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தந்தது, 85 கோடி பங்குதாரர் பணத்தில் செய்ய வேண்டிய பாதுகாப்புப் பணிகள், மீதம் வேறு பரிகாரங்களுக்கு. ஆணையம் நடத்திய மூன்று விசாரணைகளில் ஒன்று முழுக்கவும் பதிவேடுகளைப் பற்றியது. 2016 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்ற நடுவர்குழு ஆறு குற்றங்களை உறுதிசெய்தது. ஐந்து, குழாய்ப்பாதைப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது; ஒன்று, விபத்து விசாரணைக்கு இடையூறு செய்தது. அந்த ஐந்தில், கைவசம் இருந்த தகவல்களைத் திரட்டி ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத் தவறியதும் அடக்கம்.

‘மூலம் தெரிய வேண்டும், சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், முழுமையாக இருக்க வேண்டும்’ என்று எங்கள் தணிக்கையாளர் மந்திரம் போலச் சொல்கிறார். மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த மூன்று சொற்களும் சான் புரூனோ விசாரணையில் பிறந்தவை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 ஜனவரியில் அவசரப் பரிந்துரையில் பயன்படுத்தியது. கூட்டாட்சிக் கட்டுப்பாட்டு அமைப்பான ஃபிம்சா (குழாய்ப்பாதை, அபாயகரப் பொருட்கள் பாதுகாப்பு நிர்வாகம்) 2012 மே மாத அறிவுரைச் சுற்றறிக்கையில் பொருள் விளக்கியது.

மூலம் தெரிவது என்றால், அந்தத் தகவல் குழாயின் அசல் ஆவணத்தோடு நேராக இணைய வேண்டும்: ஆலைச் சான்று, கொள்முதல் கோரிக்கை, பதித்தபின் வரைந்த வரைபடம். யாரோ தட்டச்சு செய்த எக்செல் அட்டவணை, அது எந்தத் தாளைப் பார்த்து அடித்தது என்று காட்டாதவரை இந்தத் தேர்வில் தேறாது. சரிபார்க்கக்கூடியது என்றால், வேறொரு தனி ஆவணமும் அதையே சொல்ல வேண்டும். ‘600 பி.எஸ்.ஐ.யில் சோதிக்க வேண்டும்’ (பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்ற ஒப்பந்த வாசகம் மட்டும் இருந்தால் அது விருப்பம். கூடவே அன்றைய அழுத்த வரைபடமோ களப் பதிவோ இருந்தால்தான் நடந்ததற்குச் சாட்சி. முழுமை என்பது கையெழுத்து, தேதி அல்லது வேறு அடையாளத்தோடு முடித்துவைத்த ஆவணம். ‘வரைவு’ என்று முத்திரையிட்ட படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முழுமையானது ஆகாது.

சங்கிலி அறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஆலைச் சான்றில் உருக்கு எண் (எந்த உருக்குக் கலவையில் செய்தது என்று காட்டும் எண்) இருக்கும். களத்தில் குழாய் எண்ணிக்கைத் தாளில் அதே உருக்கு எண், வெல்டிங் வரைபடத்தில் எந்த இணைப்புக்கு இடையே எந்தக் குழாய், பிறகு இறுதி வரைபடம். இவை நான்கும் கைகோத்து நின்றால் கவலையில்லை. ஆனால் கடைசி இணைப்புக்கு மூன்றடி குறைகிறது என்று கிடங்கில் கிடந்த மிச்சத் துண்டை வெட்டி வைத்திருப்பார்கள். அந்தத் துண்டின் உருக்கு எண்ணை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கோப்பைப் புரட்டுபவர்கள் குட்டைத் துண்டுகளைத்தான் முதலில் தேட வேண்டும். கொள்முதல் ஆணையை நம்பி ஏமாறுவது இன்னொரு வழக்கம். அது வாங்கியதைச் சொல்லும், பதித்ததைச் சொல்லாது.

ஆவணம் இல்லாத பழைய குழாய்க்கு அழுத்த வரம்பு எவ்வளவு குறையும்? கணக்கோடு சொல்ல முடியுமா?

முடியும். வடிவமைப்பு அழுத்தத்தின் சூத்திரம் 192.105-இல் இருக்கிறது: இருமடங்கு நெகிழ்வு வலிமையை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) சுவர்த் தடிமனால் பெருக்கி, வெளிவிட்டத்தால் வகுத்து, பிறகு இடவகைக் காரணி (சுற்றிலும் மக்கள் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது), தையல் காரணி, வெப்பக் காரணி மூன்றாலும் பெருக்க வேண்டும்.

30 அங்குலக் குழாய், 0.375 அங்குலத் தடிமன், எக்ஸ்-42 தரம் (42,000 பி.எஸ்.ஐ.) என்று ஆவணம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 × 42,000 × 0.375 ÷ 30 = 1,050. வீடுகள் நெருங்கிய மூன்றாம் வகை இடத்துக்குக் காரணி 0.50. தையல் காரணி 1. வெப்பக் காரணியும் 1. விடை 525 பி.எஸ்.ஐ.

இப்போது தரச் சான்று தொலைந்துவிட்டது. 192.107 சொல்வது: வலிமை தெரியாமலும் இழுவைச் சோதனை செய்யாமலும் இருந்தால் 24,000 என்று எடுத்துக்கொள். 2 × 24,000 × 0.375 ÷ 30 = 600; பாதி 300. தையல் என்ன வகை என்பதும் தெரியாது என்றால் 4 அங்குலத்துக்கு மேற்பட்ட குழாய்க்கு 192.113-இன்படி காரணி 0.80. ஆக 240 பி.எஸ்.ஐ. இரும்பு அதே இரும்புதான். இரண்டு தாள் காணாமல் போனதில் பாதிக்கு மேல் அழுத்தம் போய்விட்டது.

1970-க்கு முந்தைய குழாய்களுக்கு ஒரு சலுகை உண்டு: 1970 ஜூலை 1-க்கு முந்தைய ஐந்தாண்டில் ஓடிய அதிகபட்ச அழுத்தத்தையே வரம்பாக வைத்துக்கொள்ளலாம். சான் புரூனோ குழாயும் அந்தச் சலுகையில்தான், நீரழுத்தச் சோதனை (குழாயில் நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்தது. 2019 அக்டோபரில் வெளியாகி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி இதை இறுக்கியது. மக்கள் நெருக்கமான இடங்களில் சோதனை ஆவணம் இல்லாத பெருவழிக் குழாய்களுக்கும் (வாயுவைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் பெரிய குழாய்கள்), குறிப்பிட்ட சலுகைக் குழாய்களுக்கும் 192.624-இன்படி வரம்பை மறுபடி உறுதிசெய்ய வேண்டும். பாதி நீளம் 2028 ஜூலை 3-க்குள், முழுவதும் 2035 ஜூலை 2-க்குள். வழிகள் ஆறு. நீரழுத்தச் சோதனை, அழுத்தக் குறைப்பு, பொறியியல் மதிப்பீடு, குழாயையே மாற்றுவது ஆகியவைதான் பெரும்பாலும் பேச்சில் அடிபடுபவை.

தரம் மட்டும் தெரியாத குழாய்க்கு 192.607 ஒரு நிதானமான வழியைத் தருகிறது. வேறு வேலைக்காகக் குழாயைத் தோண்டும்போதெல்லாம் தடிமனையும் வலிமையையும் அளந்து சேர்த்துக்கொண்டே வரலாம். ஒரே வகைக் குழாய்த் தொகுப்புக்கு மைலுக்கு ஒரு தோண்டல். தொகுப்பு 150 மைலைத் தாண்டினால் 150 தோண்டல் போதும்.

நீரழுத்தச் சோதனை ஆவணத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? எங்களிடம் வட்ட வரைபடம் மட்டும் இருக்கிறது.

வட்ட வரைபடம், அதாவது சுழலும் வட்டத் தாளில் பேனா அழுத்தத்தைக் கோடாக வரைந்தது, மட்டும் போதாது. 192.517 கேட்பவை ஏழு: நிறுவனத்தின் பெயர், சோதனைக்குப் பொறுப்பான ஊழியர், வெளி நிறுவனம் செய்திருந்தால் அதன் பெயர் (மூன்றும் சேர்ந்து ஒன்று), நீரா காற்றா வாயுவா என்ற ஊடகம், சோதனை அழுத்தம், எவ்வளவு நேரம், அழுத்த வரைபடம் அல்லது அளவீடுகள், உயர வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இருந்தால் அது, கசிவோ உடைப்போ வந்திருந்தால் என்ன செய்தார்கள் என்பது.

இதில் உயரம்தான் அடிக்கடி விடுபடும். விடுபட்டால் என்ன ஆகும் பாருங்கள். நீர்த்தம்பம் ஓரடிக்கு 0.433 பி.எஸ்.ஐ. அளவி பள்ளத்தில் இருக்கிறது, 600 காட்டுகிறது. குழாய் 200 அடி ஏறி ஒரு மேட்டைக் கடக்கிறது. மேட்டில் உண்மையான அழுத்தம் 600-இலிருந்து 87 போக 513தான். மூன்றாம் வகை இடத்தில் சோதனை அழுத்தத்தை 1.5-ஆல் வகுத்துத்தான் வரம்பு. 400 என்று நினைத்தது 342 ஆகிவிட்டது. மேட்டின் உயரம் தாளில் இல்லாவிட்டால், பின்னால் வருபவர் 400 என்றே நம்பி ஓட்டுவார்.

உங்கள் வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியவை: எந்தக் குழாய், எங்கிருந்து எங்கே என்று எழுதியிருக்கிறதா, கடிகாரச் சுற்று 24 மணியா 12 மணியா, அழுத்தம் நிலைத்து நின்றது எட்டு மணி நேரமா, அளவியின் தொடர் எண்ணும் அளவுதிருத்தத் தேதியும் உண்டா. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். கையெழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விடுபட்டவற்றுக்கு ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியல், அன்றைய பணிக்குறிப்பு, நிலவரைபட உயரம் ஆகியவற்றைத் துணை ஆவணமாக இணைக்கலாம். பழைய வரைபடத்தின் மேலேயே இன்று பேனாவால் நிரப்பாதீர்கள். தனித்தாளில், இன்றைய தேதியோடு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதிச் சேருங்கள்.

எதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

உயர் அழுத்தச் சோதனை, பெருவழிக் குழாயின் வெல்டிங் கதிர்ப்பட ஆவணம், குழாய்ப் பழுதுநீக்கம், புதிய பெருவழிக் குழாயின் பொருள் தரச் சான்று: குழாய் இருக்கும்வரை. கத்தோடிக் பாதுகாப்பின் (குழாய் துருப்பிடிக்காமல் மின்னோட்டத்தால் காக்கும் ஏற்பாடு) வரைபடங்களும், ஆண்டுச் சோதனை அளவீடுகளும்கூட அப்படியே. ரோந்து, கசிவுத் தேடல், வால்வு ஆய்வு போன்றவை பெருவழிக் குழாயில் குறைந்தது ஐந்தாண்டு, அல்லது அடுத்த ஆய்வு முடியும்வரை. இரண்டில் எது நீளமோ அது. விநியோக வலையின் ஒருமைப்பாட்டுத் திட்ட (ஆபத்துகளை மதிப்பிட்டுக் குறைக்கும் திட்டம்) ஆவணங்கள் பத்தாண்டு. சந்தேகம் வந்தால் தூக்கி எறியாதீர்கள். அலமாரிக்கு ஆகும் செலவு அற்பம்.

‘ஆண்டுக்கு ஒருமுறை, ஆனால் 15 மாதத்துக்கு மிகாமல்’ என்பதில் எப்போதும் குழப்பம். 15 மாதத்துக்குள் செய்தால் போதாதா?

போதாது. இரண்டு நிபந்தனையும் தனித்தனியே நிறைவேற வேண்டும். ஒரு ரெகுலேட்டர் நிலையத்தை (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தும் இடம்) 2022 நவம்பர் 20 அன்று ஆய்வு செய்தீர்கள். அடுத்தது 2024 பிப்ரவரி 10. 15 மாதம் தாண்டவில்லை. ஆனால் 2023 என்ற ஆண்டு முழுதும் ஆய்வில்லாமல் போய்விட்டது, விதிமீறல். மறுபக்கம், 2023 ஜனவரி 10 அன்று செய்தது, அடுத்து 2024 டிசம்பர் 5. ஒவ்வோர் ஆண்டிலும் ஒன்று இருக்கிறது, ஆனால் இடைவெளி கிட்டத்தட்ட 23 மாதம்; இதுவும் விதிமீறல்.

கத்தோடிக் பாதுகாப்புக்கு மின்னோட்டம் தரும் ரெக்டிஃபையருக்கு ஆண்டுக்கு ஆறுமுறை, இடைவெளி இரண்டரை மாதத்துக்கு மிகாமல். வணிகப் பகுதிக்கு வெளியே விநியோகக் குழாய்க் கசிவுத் தேடல் ஐந்து காலண்டர் ஆண்டுக்கு ஒருமுறை, 63 மாதத்துக்கு மிகாமல்.

மென்பொருள் வைத்திருப்பவர்கள் கெடு தேதியை எப்படிக் கணக்கிடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். ‘முந்தைய கெடு தேதி + 12 மாதம்’ என்று வைத்திருந்தால், ஆய்வு முன்கூட்டியே நடந்தபோது அது பொய் சொல்லும். கணக்கு கடைசியாகச் செய்த தேதியிலிருந்துதான் ஓட வேண்டும். 12-ஆம் மாதத்தில் இலக்கு, 14-ஆம் மாதத்திலோ டிசம்பர் தொடக்கத்திலோ, எது முன்னதோ அப்போது மேலாளருக்கு எச்சரிக்கை என்று வைத்தால் பனி, வெள்ளம், ஆள் விடுப்பு எதுவும் கெடுவைத் தாண்டவைக்காது.

ஆய்வாளர் எதை வைத்துப் பதிவு பொய் என்று கண்டுபிடிக்கிறார்?

முதலில் எண்களின் நடத்தையை. மண் ஈரம் மாறும், பருவம் மாறும், கத்தோடிக் பாதுகாப்பின் ஆனோடு (குழாய்க்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் உலோகம்) தேயும். ஒரே சோதனைக் கம்பத்தில் மூன்று ஆண்டும் மைனஸ் 0.912 வோல்ட் என்று மில்லிவோல்ட் பிசகாமல் வந்தால் அது அளந்த எண் அல்ல, நகலெடுத்த எண். ரெக்டிஃபையர் தாளில் மாதாமாதம் ஒரே வோல்ட், ஒரே ஆம்பியர் இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து, ஆவணங்களை ஒன்றோடொன்று மோதவிடுவார். ஆய்வு செய்ததாகக் கையெழுத்திட்டவரின் பணித்தகுதி அந்தத் தேதியில் காலாவதியாகியிருந்ததா? அதே பிற்பகல் 2 மணிக்கு அவர் 60 மைல் தள்ளி இன்னொரு நிலையத்திலும் கையெழுத்திட்டிருக்கிறாரா? தாளில் உள்ள அளவி அன்று அளவுதிருத்தத்துக்கு அனுப்பப்பட்டிருந்ததா? ரெகுலேட்டரை மூடிச் சோதித்தால் தொலை கண்காணிப்பு அமைப்பின் அழுத்தக் கோட்டில் ஒரு சலனம் தெரிந்தாக வேண்டும். கோடு படுத்துக்கிடந்தால் சோதனை நடக்கவில்லை. மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வின் தாளில் ‘சரி’ என்று மட்டும் எழுதுவதும் வினையை இழுக்கும். போனபோது இருந்த அழுத்தம், விட்டு வந்த அழுத்தம், இரண்டும் எண்ணாக வேண்டும். முந்தைய எண் இல்லாவிட்டால் வால்வு நகர்ந்துகொண்டே போகிறதா என்று யாருக்கும் தெரியாது.

நிறுவனத்தின் செயல்முறைக் கையேட்டையும் விட்டுவைக்க மாட்டார். விதி கேட்காத ஒன்றை உங்கள் கையேடு கேட்டால் அதற்கும் பதிவு இருக்க வேண்டும், 192.605-இன்படி கையேட்டைப் பின்பற்றுவதே கட்டாயம். ‘வாரந்தோறும்’ என்று பெருமைக்கு எழுதிவைத்துவிட்டு மாதந்தோறும் செய்பவர்கள் தமக்குத் தாமே குழி வெட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வால்வு ஆய்வு தவறிவிட்டது. ‘போன மாதத் தேதியைப் போட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது’ என்கிறார் மேற்பார்வையாளர். என்ன செய்வது?

போடாதீர்கள். தவறிய ஆய்வு ஒரு சிவில் குற்றச்சாட்டு. பொய்த் தேதி கூட்டாட்சிக் குற்றவியல் வழக்கு. அரசு விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணத்தைப் பொய்யாக்கினால் 20 ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. அது கையெழுத்திட்டவரின் தனிப்பட்ட தலையில் விழும். நிறுவனம் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. இன்றே வால்வைச் சோதியுங்கள். இன்றைய தேதியைப் போடுங்கள். தனிக் குறிப்பில் கெடு எப்போது முடிந்தது, எத்தனை நாள் தாமதம், ஏன், இனி வராமல் இருக்க என்ன மாற்றம் என்று நான்கு வரி எழுதுங்கள். அதே காரணத்தால் வேறு வால்வுகள் தவறியிருக்கின்றனவா என்று பட்டியல் முழுதையும் பாருங்கள், ஏனென்றால் ஒன்று தவறினால் பெரும்பாலும் ஒரு கொத்தாகவே தவறியிருக்கும். தாங்களே கண்டுபிடித்துத் திருத்தியதை அபராதம் கணக்கிடும்போது நல்லெண்ண முயற்சியாக வாதிட இடமுண்டு. மேற்பார்வையாளரின் பேச்சைத் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு மீறலைப் புகார் செய்யும் குழாய்ப்பாதை ஊழியரைப் பழிவாங்குவதற்குத் தடைவிதிக்கும் சட்டப்பிரிவும் இருக்கிறது.

எங்கள் சிறு நிறுவனத்துக்கு ‘சாத்தியமான மீறல் அறிவிப்பு’ வந்திருக்கிறது. எவ்வளவு அபராதம் வரும், எப்படிப் பதில் சொல்வது?

முதலில் அனுப்பியது யார் என்று பாருங்கள். மாநிலங்களுக்கு இடையே ஓடும் குழாய் ஃபிம்சாவிடம். மாநிலத்துக்குள்ளேயே ஓடுவது பெரும்பாலும் சான்றுபெற்ற மாநில ஆணையத்திடம். மாநில நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கீழே சொல்வது ஃபிம்சா வழி.

எல்லாக் குறையும் அபராதத்தில் முடிவதில்லை. சிறியவற்றுக்கு எச்சரிக்கைக் கடிதம். கையேட்டில்தான் குறை என்றால் திருத்த அறிவிப்பு. அதற்கு மேல் போவதுதான் உங்களுக்கு வந்தது. அதில் அபராதமோ, நிறைவேற்ற வேண்டிய பணிகளின் ஆணையோ, இரண்டுமோ இருக்கலாம். சட்டம் வைத்த உச்சவரம்பு ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2 லட்சம் டாலர், தொடர்புடைய மீறல்கள் எல்லாம் சேர்த்து 20 லட்சம். பணவீக்கத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்துவதால் இப்போது 2.5 லட்சத்தையும் 25 லட்சத்தையும் தாண்டிவிட்டது. சான் புரூனோவின் 160 கோடி மாநில ஆணையம் தன் அதிகாரத்தில் விதித்தது. அதை வைத்து உங்கள் வழக்கை அளக்க வேண்டாம்.

அறிவிப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். அதற்குள் அபராதத்தைக் கட்டி முடிக்கலாம், எழுத்தில் விளக்கம் தந்து நீக்கவோ குறைக்கவோ கேட்கலாம், அல்லது நேரடி விசாரணை கேட்கலாம். பேசாமல் இருந்தால் மறுக்கும் உரிமையே போய்விடும். எனவே முதல் வாரத்திலேயே வழக்குக் கோப்பைக் கேட்டு எழுதுங்கள். மீறல் அறிக்கையும் அபராதக் கணக்குத்தாளும் அதில் இருக்கும். எந்தக் காரணிக்கு எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியும்.

பதிவேட்டு வழக்கில் பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆய்வு நாளில் ஆவணம் இருந்தது, வேறு அலுவலகத்தில் இருந்ததால் காட்ட முடியவில்லை என்றால் அதை அனுப்புங்கள். அது அன்றே எழுதப்பட்டது என்பதற்கு ஆதாரமாகக் கோப்பின் கணினித் தேதி, பணி ஆணை, ஊதிய நேரப்பதிவு ஆகியவற்றையும் சேருங்கள். ஆவணமே இல்லை என்றால், வேலை நடந்தது என்று வாய்மொழியாக வாதிட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். தாள் இல்லாத ஆய்வை நடக்காத ஆய்வாகவே எடுத்துக்கொள்வார்கள். மீறலை ஒப்புக்கொண்டு, தீவிரம், முன்வரலாறு, தொழிலைத் தொடரும் திறனுக்கு வரும் பாதிப்பு, நல்லெண்ண முயற்சி என்ற காரணிகளில் வாதத்தை வையுங்கள். இறுதி ஆணை வந்தபின் மறுபரிசீலனைக்கு 20 நாள்தான்.

நாங்கள் வீடுகளுக்கு விநியோகம் செய்பவர்கள். அழுத்தம் குறைவு. பெருவழிக் குழாய்க்காரர்களின் கவலை எங்களுக்கு எதற்கு?

2014 மார்ச்சில் கலிபோர்னியாவின் கார்மெல் நகரில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. உள்ளே ஆள் இல்லாததால் உயிர் தப்பியது. வரைபடத்தில் இருந்தது இரும்புக் குழாய். உண்மையில் இரும்புக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயை முன்பே நுழைத்திருந்தார்கள். அது வரைபடத்தில் ஏறவில்லை. இணைப்பு வேலைக்கு வந்தவர்கள் இரும்பைத் துளைக்க, உள்ளிருந்த பிளாஸ்டிக்கும் துளைபட்டது. இரண்டுக்கும் இடையே ஓடிய வாயு வீட்டுக்குள் புகுந்தது. 2016-இல் விநியோகப் பதிவேட்டுக் குறைகளுக்காக அதே பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு மாநில ஆணையம் 2.56 கோடி டாலர் அபராதம் விதித்தது.

2018 செப்டம்பர் 13 அன்று மாசசூசெட்ஸின் மெரிமாக் பள்ளத்தாக்கில் நடந்தது இன்னும் பெரிது. வீடுகளுக்கு அரை பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வாயு ஓடிய வலை. பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றிப் புதியதை இணைக்கும் வேலை. ரெகுலேட்டருக்கு அழுத்தம் சொல்லும் உணர்குழாய்கள் பழைய குழாயிலேயே இருந்தன. பழையதில் அழுத்தம் இறங்க இறங்க, வலையில் வாயு குறைகிறது என்று ரெகுலேட்டர் நம்பி வாயைத் திறந்துகொண்டே போனது. 75 பி.எஸ்.ஐ. குழாயின் வாயு வீட்டு அடுப்புகளை நோக்கிப் பாய்ந்தது. ஒருவர் இறந்தார், 131 கட்டடங்கள் சேதமடைந்தன. உணர்குழாய் எங்கே இருக்கிறது என்ற தகவல் ஒரு பிரிவிடம் இருந்தது, வேலைத்திட்டத்தை வரைந்த பிரிவின் கோப்பில் இல்லை. அங்கே விநியோகம் செய்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5.3 கோடி டாலர் கட்டியது. அதன்பின் வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டம், அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு முக்கியமான வரைபடங்களை விநியோக நிறுவனங்கள் நம்பகமாகவும் முழுமையாகவும் வைத்து, திட்டம் போடுபவர்கள் கைக்கு எட்டும்படி தர வேண்டும் என்று கட்டளையிட்டது.

எனவே இந்த வாரமே ஒரு வேலை: ஒவ்வொரு ரெகுலேட்டர் நிலையத்துக்கும் ஒரே தாளில் வரைபடம். உள்வரும் குழாய், வெளிச்செல்லும் குழாய், உணர்குழாய் எந்தக் குழாயில் எத்தனை அடி தள்ளி இணைகிறது, மூடும் வால்வு எது, இரண்டு பக்கத்தின் அழுத்த வரம்பு. நிலையத்துக்கே போய்ச் சரிபார்த்து, பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். குழாயை முடக்கும் எந்த வேலை ஆணையிலும் அந்தத் தாள் இல்லாவிட்டால் வேலை தொடங்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். காகிதத்தை அழிக்கலாமா?

கணினிப் பதிவுக்கு விதி தடை சொல்லவில்லை. ஆனால் கறுப்புவெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். வட்ட வரைபடத்தில் அழுத்தம் ஒரு நிறம், வெப்பம் ஒரு நிறம். கறுப்புவெள்ளையில் எது எது என்று பிரிக்க முடியாது. பின்பக்கம் ஸ்கேன் ஆகியிருக்கிறதா, மடித்த பெரிய வரைபடத்தின் ஓரம் வெட்டுப்படவில்லையா, பென்சில் குறிப்பு தெரிகிறதா என்று நூற்றுக்கு ஐந்து தாளையாவது அசலோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் பிழை வந்தால் அந்தப் பெட்டி முழுதையும் திரும்பப் பாருங்கள். அட்டவணையில் குழாய் எண்ணும் தொடக்க, முடிவு இடங்களும் இல்லாத ஸ்கேன் கோப்பு இருந்தும் இல்லாததே. குழாய் உள்ளவரை வைக்க வேண்டிய ஆவணங்களின் அசலை நாங்களாக இருந்தால் அழிக்க மாட்டோம்.

எங்கள் தெருவுக்கடியில் போகும் குழாயைப் பற்றிப் பொதுமக்கள் எதைப் பார்க்கலாம்?

பெருவழிக் குழாய் எந்த மாவட்டத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தேசியக் குழாய்ப்பாதை வரைபட அமைப்பின் பொதுப் பார்வைப் பக்கத்தில் தோராயமாகப் பார்க்கலாம்; வீட்டுக்குப் போகும் விநியோகக் குழாய் அதில் இருக்காது. ஒரு நிறுவனத்தின் மேல் ஃபிம்சா எடுத்த நடவடிக்கைகள், அறிவிப்பு, நிறுவனத்தின் பதில், இறுதி ஆணை ஆகியவை அதன் இணையதளத்தில் நிறுவனப் பெயர்வாரியாக உள்ளன. தோண்டும் வேலைக்கு அந்த வரைபடத்தை நம்பக் கூடாது. அதற்கு 811 எண்ணை அழையுங்கள். வந்து குறியிட்டபின் மண்ணில் கைவையுங்கள்.